ஊர்ப்பெயரைப் பார்த்துக் கப்பல் ஏறினேன், மணிக்கணக்கைப் பார்க்கவில்லை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவள் நான். ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் கொல்லப்பட்டார் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. ரோமை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே மனதில் கிடந்தது. 2023-இல் ஓய்வு பெற்றேன். கையில் கொஞ்சம் பணம் வந்தது. கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். தனியாகத்தான் போக வேண்டும் என்று ஆனபோது, பெட்டியை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைவதைவிட ஒரே அறையில் தங்கியபடி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று கப்பல் சுற்றுலாவை நினைத்தேன். அந்த நினைப்பில் தவறில்லை. எந்த வழித்தடம் என்று தேர்ந்தெடுத்த விதத்தில்தான் தவறு. மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் செலவழித்துவிட்டு, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து அழுதேன். முன்கூட்டியே யாராவது என்னை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2024-இல் நான் எடுத்தது பார்சிலோனாவில் ஏறி அங்கேயே இறங்கும் ஏழு இரவுப் பயணம். பால்மா, மார்செய், ஃபிளாரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ், பிறகு ஒரு நாள் முழுக்கக் கடலில், மறுநாள் மீண்டும் பார்சிலோனா. டிராவல்ஸ்காரர் நீட்டிய வண்ணத்தாளில் இந்தப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒரே வாரத்தில் ஃபிளாரன்ஸும் ரோமும் என்று படித்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருந்தது. ரோமுக்குப் பக்கத்தில் சிவிடவெக்கியா, ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில் லா ஸ்பெட்சியா. துறைமுகத்தின் பெயராக இருக்கும், நம் ஊரில் எண்ணூர் மாதிரி நகரத்தை ஒட்டியே இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் எழுபது கிலோமீட்டருக்கு மேல். லா ஸ்பெட்சியாவிலிருந்து ஃபிளாரன்ஸ் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். கும்பகோணத்தில் இறக்கிவிட்டு, மதுரைக்கு வந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இது ஒரு கப்பலின் பழக்கம் அல்ல, இந்தத் தொழிலிலேயே உள்ள வழக்கம் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பாரிஸ் என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது ல ஆவ்ர் துறைமுகத்தில். அங்கிருந்து பாரிஸ் இருநூறு கிலோமீட்டர். பெர்லின் என்றால் பால்டிக் கடற்கரையில் உள்ள வார்னமுண்டே. ரயிலில் போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம். பாங்காக் என்றால் லெம் சபாங். அதுவும் நூறு கிலோமீட்டருக்கு மேல். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்கள் பழைய நகரத்தின் கால்வாய் வழியாக வரத் தடை இருக்கிறது. அதனால் வெனிஸ் என்று விற்கப்படும் சில பயணங்களில் கப்பல் ரவென்னாவில் நிற்கிறது, அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, வண்ணத்தாளில் ஊர்ப்பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு துறைமுகத்தின் பெயரை மட்டும் படிப்பது. பிறகு வரைபடத்தில் அந்தத் துறைமுகத்தையும், நீங்கள் பார்க்க நினைக்கும் இடத்தின் வாசலையும் குறித்துக்கொண்டு, ரயிலில் எவ்வளவு, பஸ்ஸில் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். நான் அந்த அரை மணியைச் செலவிடவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் போட்டிருந்தது 62,000 ரூபாய். அது ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். தனியாளுக்கு அறையின் முழுக் கட்டணத்தையும் வாங்கிவிடுவார்கள் என்பது பணம் கட்டும் நாளில்தான் தெரிந்தது. 1,24,000 ஆயிற்று. துறைமுகக் கட்டணம், வரி என்று 14,000. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்போதே அப்போது பிடிக்கப்பட்ட டி.சி.எஸ். என்ற வரி 5 சதவீதம், 6,900 ரூபாய். இது வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளக்கூடியது, சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான டிக்கெட் 72,000. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும் அதற்குக் கட்டாயமான காப்பீடும் (குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்) சேர்த்து 14,000. பார்சிலோனாவில் இரண்டு இரவு ஹோட்டல் 22,000. கப்பலில் ஏறிய பிறகு ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை நாளுக்கு 12 யூரோ வீதம் தானாகவே கணக்கில் ஏறியது. தனியாகப் போகிறவர்கள் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி: தனியாளுக்கு என்ன கூடுதல் கட்டணம்? சில கப்பல்களில் ஒருவருக்கென்றே சிறிய அறைகள் உண்டு. சில பருவங்களில் கூடுதல் கட்டணத்தைக் குறைப்பார்கள். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

பால்மாவும் மார்செயும் வேகமாகப் போயின. பால்மா கதீட்ரலை வெளியிலிருந்து பார்த்தேன். மார்செயில் கப்பல் நின்ற இடம் பழைய துறைமுகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி. பஸ்ஸுக்கு நின்று, போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். இந்த இரண்டு நாளிலேயே எனக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றத் தொடங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கு அலாரம். ஏழு மணிக்குச் சாப்பாட்டு அறையில் நெரிசல். நாலாயிரம் பேருக்கு மேல் இருந்த கப்பல். இறங்கும் வாசலில் நீண்ட வரிசை. மாலை நாலு மணியானால் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் பள்ளி மணிக்கு ஓடுவதைப் போல இருந்தது.

மூன்றாவது துறைமுகம் லா ஸ்பெட்சியா. தனியாகப் போகப் பயந்து, கப்பலே நடத்தும் ஃபிளாரன்ஸ் சுற்றுலாவை 129 யூரோ, அதாவது ஏறக்குறைய 12,000 ரூபாய் கொடுத்து எடுத்திருந்தேன். ஒன்பது மணிக்கு பஸ் புறப்பட்டது, பதினொன்றரைக்கு ஃபிளாரன்ஸ் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டி ஓர் எண் அட்டையை உயர்த்திப் பிடித்து நடக்க, நாற்பது பேர் பின்னாலேயே போனோம். பேராலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே நிமிர்ந்து நின்றபோது, எனக்கு அங்கேயே நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று இருந்தது. எண் அட்டை தெருமுனையில் திரும்பிவிட்டது, ஓடினேன். உஃபிஸி அருங்காட்சியகத்தின் வாசல் வழியாகத்தான் போனோம். உள்ளே போவது திட்டத்தில் இல்லை. சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் விட்டார்கள். மூன்றரைக்கு பஸ். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, நாலு மணி நேரம் ஒரு எண் அட்டைக்குப் பின்னால் நடந்தேன் என்பதுதான் என்னுடைய ஃபிளாரன்ஸ்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு மலேசியத் தமிழ்த் தம்பதியைச் சந்தித்தேன். அந்த அம்மாள் என்னைவிட நாலைந்து வயது இளையவர். "எங்கே போனீர்கள், அக்கா?" என்று கேட்டார். சொன்னேன். அவர்கள் துறைமுகத்திலிருந்து நடந்தே ரயில் நிலையத்துக்குப் போய், பத்து நிமிடப் பயணத்தில் ரியோமாஜோரே என்ற கடலோரக் கிராமத்தில் இறங்கியிருக்கிறார்கள். சிங்க்வே தெர்ரே என்று சொல்லப்படும் ஐந்து கிராமங்களில் முதலாவது. பாறைமேல் அடுக்கடுக்காக வண்ண வீடுகள், கீழே கடல். மதியம்வரை அங்கே உட்கார்ந்திருந்துவிட்டுக் கப்பலுக்கு வந்து தூங்கியிருக்கிறார்கள். ஒரு துறைமுகத்தில் இறங்கினால் அதன் வாசலில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வண்ணத்தாள் ஃபிளாரன்ஸ் என்று சொன்னது, நான் ஃபிளாரன்ஸுக்கு ஓடினேன்.

அந்தத் தம்பதியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது ஒன்பதாவது கப்பல் பயணம். மார்செயில் இறங்கவே இல்லையாம். எல்லாரும் இறங்கிப் போன பிறகு நீச்சல் குளம் காலியாக இருக்கும், அதுதான் சுகம் என்றார் அவர். அவர்களுக்குக் கப்பலே ஊர். சிங்கப்பூரில் ஏறி மூன்று நான்கு இரவு சுற்றிவிட்டு வரும் பயணங்கள்தான் தமக்குப் பிடித்தமானவை என்றும், இந்த மத்தியதரைக்கடல் வழித்தடத்தில் கடல் நாள் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றும் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒரே கப்பல், ஒரே வழித்தடம். அவர்களுக்குக் குறையாகத் தெரிந்ததும் எனக்குக் குறையாகத் தெரிந்ததும் வேறு வேறு. நான் யார், எதற்காகப் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் பெயர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறேன் என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் ரோம். இதற்காகத்தான் வந்தேன். கப்பல் நடத்தும் சுற்றுலா வேண்டாம், எண் அட்டையின் பின்னால் ரோமில் நடக்க மாட்டேன் என்று பிடிவாதமாகத் தனியாகவே புறப்பட்டேன். காலை ஆறரைக்குக் கப்பல் நின்றது. ஏழேகாலுக்கு இறங்கி, துறைமுகத்துக்குள் ஓடும் பஸ்ஸில் வெளிவாசலுக்கு வந்து, ரயில் நிலையம் போய், எட்டு நாற்பது ரயிலைப் பிடித்தேன். டெர்மினி நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். படியேறி வெளியே வந்ததும் எதிரில் நிற்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

முன்பதிவு செய்திருந்த டிக்கெட்டில் கொலோசியம், ரோமன் ஃபோரம் என்ற பழைய நகரச் சதுக்கம், பாலட்டைன் குன்று மூன்றும் அடக்கம். கொலோசியத்தைப் பார்த்துவிட்டு ஃபோரத்துக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். உடைந்த தூண்களுக்கு நடுவே நடந்து, சீசருக்கு எழுப்பிய கோயிலின் எச்சம் இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். கோயில் என்று சொல்ல இப்போது ஒன்றும் இல்லை. ஒரு சிறிய கூரை, அதன் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு மேடு. அவருடைய உடலை எரித்த இடம் அதுதான் என்பார்கள். இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் யாரோ அதன்மேல் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். அன்றும் மூன்று நாலு பூக்கள் கிடந்தன, ஒன்று வாடிப் போயிருந்தது. எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தேன். முப்பத்தொரு வருடம் வாயால் சொன்ன ஒன்றின் முன்னால் ஒரு மணி நேரமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. ஏழு நிமிடம் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ரெண்டேகாலுக்கு டெர்மினியில் இருந்தேன். அறிவிப்புப் பலகையில் ஒவ்வொரு ரயிலுக்கும் எதிரே ‘கான்செல்லாத்தோ’ என்று வந்துகொண்டிருந்தது. ரத்து. அன்று காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை ரயில் ஊழியர்களின் வேலைநிறுத்தம். என் காலை ரயில் ஒன்பதுக்கு முன்னால் புறப்பட்டதால் ஓடியிருக்கிறது, எனக்கு எதுவும் தெரியவில்லை. கப்பலுக்குள் திரும்ப வேண்டிய கடைசி நேரம் ஐந்தரை, புறப்பாடு ஆறு. ஐந்து மணிக்குப் பிறகு வரும் ரயிலால் எனக்குப் பயனில்லை. விசாரணை அறைக்கு முன்னால் நூறு பேர். என் கைப்பேசியில் கப்பலின் இணையத் தொகுப்பு இருந்தது. அது கப்பலில் மட்டும்தான் வேலை செய்யும். நாட்டை விட்டு வரும்போது ரோமிங் போட்டுக்கொள்ளவில்லை. யாரைக் கூப்பிடுவது என்றும் தெரியாது. கால் நடுங்கியது. பாஸ்போர்ட் கப்பல் அறையின் பெட்டகத்தில் கிடக்கிறது. கப்பல் போய்விட்டால் இந்த ஊரில் நான் யார்?

வெளியே டாக்சி வரிசையில் நாற்பது நிமிடம் நின்றேன். ஓட்டுநர் 150 யூரோ கேட்டார், ஏறக்குறைய 14,000 ரூபாய். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை. மூன்று இருபதுக்குப் புறப்பட்டோம். நகரத்தை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆனது. எல்லாரும் அன்று சாலையில்தான் இருந்தார்கள். பின் இருக்கையில் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்ல ஆரம்பித்து, பாதியில் மறந்து, திரும்ப ஆரம்பித்தேன். ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கப்பலின் வெள்ளைப் பக்கம் கண்ணில் பட்டது. ஓட்டுநர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன்.

அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. பயத்தால் வந்த அழுகை கொஞ்சம்தான். ரோமுக்கு வந்தும் ரோமைப் பார்க்கவில்லையே என்ற அழுகைதான் அதிகம். பதினொன்றரை மணி நேரம் கப்பல் நின்றது. ஊருக்குள் நான் இருந்தது நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இந்தக் கழித்தலை வீட்டிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். கப்பல் நிற்கும் நேரத்திலிருந்து இறங்குவதற்கு ஒரு மணி நேரத்தைக் கழியுங்கள். திரும்பி ஏற வேண்டிய கடைசி நேரம் புறப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், சில கப்பல்களில் அதைவிட முன்னால், அதையும் கழியுங்கள். போகவர ஆகும் நேரத்தை இரண்டு பக்கமும் கழியுங்கள். தனியாகப் போகிறவர்கள் பாதுகாப்புக்கென்று குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குங்கள். மிச்சம் இருப்பதுதான் அந்த ஊர். அது நாலு மணி நேரத்துக்குக் குறைவு என்றால், அந்த ஊரின் பெயருக்காக அந்தப் பயணத்தை எடுக்காதீர்கள். கிழமையையும் பாருங்கள். உஃபிஸி திங்கட்கிழமை மூடியிருக்கும். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. உங்கள் கப்பல் எந்தக் கிழமையில் அங்கே நிற்கிறது என்பது பணம் கட்டுவதற்கு முன்பே தெரியும்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கும் ஒன்று; முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் இருக்கிறது. வேலை நாட்களில் நாள் முழுக்க வேலைநிறுத்தம் நடந்தாலும், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் முக்கியமான உள்ளூர் ரயில்களை ஓட்ட வேண்டும் என்பது அங்குள்ள விதி. முந்தின நாள் இரவு ஐந்து நிமிடம் தேடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். தவிர, தினமும் கப்பல் அறையில் வைக்கும் நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பலுக்காக வேலை பார்க்கும் முகவரின் தொலைபேசி எண் இருக்கும். நான் அந்தத் தாளில் நடன நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். அதைப் படமெடுத்துக் கைப்பேசியிலும், ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தாலும் அதன் நகலும் விசா நகலும் கையில் இருக்கட்டும். கரையில் வேலை செய்யும் சிம் கட்டாயம். கப்பல் நடத்தும் சுற்றுலாவில் போனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போனால் காத்திருக்காது. தூரமான ஊருக்கு அந்த விலை சில சமயம் நியாயமானதுதான் என்பதை டாக்சியில் உட்கார்ந்தபோது ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் நேப்பிள்ஸ். எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பேயும், சொரெந்தோ என்ற கடலோர ஊரும் சேர்ந்த சுற்றுலாவுக்கு 89 யூரோ கட்டியிருந்தேன். எட்டு மணி நேர நிகழ்ச்சி, அதில் பாம்பேயில் இருப்பது ஒன்றரை மணி நேரம். முழங்கால் வீங்கியிருந்தது. ரத்து செய்யும் கெடு முந்தைய நாளே முடிந்துவிட்டது என்றார்கள். எட்டாயிரம் ரூபாய் போனால் போகட்டும் என்று பஸ்ஸில் ஏறவில்லை. வரலாற்று ஆசிரியை பாம்பேயைக் கைவிட்டாளே என்று யாராவது கேட்கலாம். இன்னொரு எண் அட்டையின் பின்னால் ஓட என்னால் முடியவில்லை.

பத்து மணிக்கு மேல், நெரிசல் குறைந்த பிறகு இறங்கினேன். நேப்பிள்ஸில் கப்பல் நிற்பது நகரத்தின் மடியிலேயே. வாசலைத் தாண்டினால் எதிரே கோட்டை, அதைத் தாண்டினால் கடைத்தெரு. தொலேதோ தெரு வழியாக மெதுவாக, இடையிடையே உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு நடந்துவிட்டேன். பாம்பேயில் தோண்டி எடுத்தவற்றில் மிகச் சிறந்தவை அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் நான் தேடிப் போனது ஒரு தந்தச் சிலை. 1938-இல் பாம்பேயின் ஒரு வீட்டில் கிடைத்தது. இந்தியாவில் செய்யப்பட்டு, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடிப்பதற்கு முன்பே எப்படியோ கடல் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தது. முதலில் லட்சுமி என்றார்கள், யட்சி என்பவர்களும் உண்டு.

ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேல் இருக்கும். கை நிறைய வளையல், காலில் தண்டை, முதுகில் இறங்கும் பின்னல். இரு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் இரண்டு தோழிப் பெண்கள். உச்சந்தலையில் ஒரு துளை. ஏதோ ஒரு பொருளுக்குக் கைப்பிடியாகவோ காலாகவோ இருந்திருக்க வேண்டும். தந்தம் வெண்ணெய் நிறத்தில் இல்லை, பழைய பித்தளைப் பாத்திரத்தின் அடிப்பாகத்தைப் போல மங்கலாகப் பழுப்பேறியிருந்தது. அரிக்கமேட்டுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போய், 1945-இல் தொல்லியலாளர் வீலர் இங்கே தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்த வணிகத்தின் மறுகரையில் நின்றுகொண்டிருந்தேன். அவசரப்படுத்த ஆளில்லை. ஒரு காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் அந்த ஒரே சிலையின் முன்னால் நின்றேன். ஏழு நாளில் நான் பயணம் போனதாக உணர்ந்த ஒரே நாள் அதுதான்.

அங்கேதான் எனக்கு என்னைத் தெரிந்தது. நான் ஒரு பொருளின் முன்னால் நெடுநேரம் நிற்கிறவள். எனக்குப் பத்து ஊர் வேண்டாம். துறைமுகத்திலிருந்து நடந்து போகக்கூடிய ஊர்கள் வேண்டும். கப்பல் ஓர் இரவு அங்கேயே நின்றால் இன்னும் நல்லது. என்னைப் போன்றவர்கள் நேப்பிள்ஸ், ஜெனோவா, பலெர்மோ, மால்டாவின் வலெட்டா போன்ற இடங்கள் அதிகமாக உள்ள வழித்தடத்தைப் பார்க்கலாம். வலெட்டாவில் கப்பல் நிற்கும் கரையிலிருந்து கோட்டைமேல் ஏற லிஃப்டே இருக்கிறது. ஈப்போ தம்பதியைப் போலக் கப்பலையே அனுபவிப்பவர்களுக்குக் கடல் நாட்கள் அதிகமுள்ள பயணம். இயற்கைக் காட்சிதான் முக்கியம், இறங்கி நடக்க உடம்பு ஒத்துழைக்காது என்பவர்களுக்கு நார்வேயின் கடல்பள்ளத்தாக்குகளும் அலாஸ்காவும். அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியில் கப்பல் கரையில் நிற்பதே இல்லை, பனிப்பாறைகளைத் தளத்திலிருந்தே பார்க்கலாம். முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துப் போகும்போது, கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்கும் இடங்களைக் கவனியுங்கள். கிரீஸின் சாண்டோரினி அப்படித்தான். படகில் இறங்கிய பிறகும் மேலே ஊருக்குப் போக கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். விசா விஷயத்தில் ஒன்று: என் பயணத்தில் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒருமுறை நுழையும் விசாவே போதுமானதாக இருந்தது. நடுவில் துனிசியாவோ துருக்கியோ பிரிட்டனோ வந்தால் பலமுறை நுழையும் விசா வேண்டும், அந்த நாட்டின் விதியையும் தனியாகப் பார்க்க வேண்டும். சைவச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு அதில் ஒரு குறையும் வரவில்லை.

இப்போது என் மேசையில் நைல் நதிப் பயணத்தின் விவரத்தாள் ஒன்று இருக்கிறது. லக்சரிலிருந்து அஸ்வான்வரை நாலு இரவு. ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் நானே பென்சிலால் நிமிடங்களை எழுதி வைத்திருக்கிறேன். கோம் ஓம்போ கோயில் ஆற்றங்கரையிலேயே நிற்கிறது. படகிலிருந்து வாசலுக்கு நடந்தால் போதும். எத்ஃபுவில் மட்டும் குதிரை வண்டியோ ஆட்டோவோ பிடிக்க வேண்டுமாம். லக்சரில் இரவு தங்கல் எத்தனை என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. வரும்வரை முன்பணம் கட்டப்போவதில்லை.

ரோமுக்கு விமானத்தில்தான் போவேன். பத்து நாள், ஒரே ஊர், டெர்மினிக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அறை. ஃபோரத்தில் அந்தச் சிறிய கூரைக்கு எதிரே இருக்கும் கல் சற்றுச் சரிவாக இருக்கும், காலையில் வெயில் படாது. ஒரு சிறிய துண்டு கொண்டுபோக வேண்டும், போட்டு உட்கார.